யாரும் கேட்டு வராத துணி

ஒரு கம்பளிக் கோட்டைச் சலவை செய்து தேய்த்துக் கொடுத்த வகையில் என் மனைவி எனக்கு நூற்றுப் பன்னிரண்டு ரூபாய் பாக்கி வைத்திருந்தாள். கடைக்குப் பாக்கி என்று சொல்வதுதான் முறை. ஆனால் வராத காசை வேலைக்காரன் தன் சம்பளத்திலிருந்து கட்ட வேண்டும் என்பது எங்கள் முதலாளியின் சட்டம். அதனால் எனக்கு என்று எழுதுகிறேன்.

நடந்ததை என் கையாலேயே எழுதச் சொன்னீர்கள் ஐயா. மெதுவாகத்தான் வரும். எனக்கு எழுத்து நாற்பதுக்கு மேல் வந்தது. துணியின் கழுத்தில் தைத்திருக்கும் சீட்டில் எவ்வளவு சூடு, தண்ணீர் படலாமா கூடாதா என்று போட்டிருக்கும். அதைப் படிப்பதற்காகக் கற்றுக்கொண்டேன். வீட்டில் படித்துச் சொல்ல ஆள் இருந்தவரை எனக்கு அது தேவைப்படவில்லை.

கடையை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். முன்னால் துணி வாங்கும் மேசை, நடுவில் தேய்க்கும் மேசை, பின்னால் கொதிகலன். கொதிகலனுக்குப் பக்கத்தில் ஈரத்துணி உலர்த்தும் அறை. சுற்றிலும் நீராவிக் குழாய், இரும்புக் கதவு, தாழ்ப்பாள் வெளிப்பக்கம் மட்டும். கொதிகலனுக்கு மேலே சுவரில் ஒரு மாடம் இருக்கிறது. அதில் ஒரு சாண் உயரத்துக்கு ஒரு இரும்புப் பெண் உட்கார்ந்திருப்பாள். முகம் தேய்ந்துபோயிருக்கும். மடியில் ஒரு நூல்கண்டு. உங்கள் ஆட்கள் அவளைக் காகிதத்தில் சுற்றி எடுத்துப்போனதைப் பார்த்தேன். அவள் பேர் இழையாள்.

வேலைக்குச் சேர்ந்த அன்று முதலாளியிடம் அது என்ன என்று கேட்டேன். "கட்டடத்தோட வந்தது. எடுக்கவும் வேணாம், கும்பிடவும் வேணாம்" என்றார். விஷயத்தைச் சொன்னது எனக்கு முன்பு அந்த மேசையில் தேய்த்துக்கொண்டிருந்த பெண். இஸ்திரிப் பெட்டியைவிடச் சத்தமாகப் பெருமூச்சு விடுவாள் என்பதால் அவளைப் பெருமூச்சு என்றே கூப்பிடுவார்கள். வேலையை விட்டுப் போகிற அன்று, மூட்டையைக் கட்டிக்கொண்டே சொன்னாள்.

"அவ சும்மா எதுவும் குடுக்க மாட்டா, சும்மா எதுவும் வாங்கவும் மாட்டா. யாரும் திரும்பி வந்து கேக்காத துணி இருக்குல்ல, அதை அவ மேல போர்த்து. அந்தத் துணி எவ்வளவு உழைச்சிருக்கோ அவ்வளவு நேரம் குடுப்பா. உனக்கு முன்னாடி கழிஞ்சுபோன நேரத்தைத்தான். புது நேரமெல்லாம் அவகிட்ட கிடையாது."

"நீ வாங்கினியா?"

"ஒரே ஒரு தடவை. எம் பிள்ளையோட ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம். போதும்னு நிறுத்திட்டேன்."

"ஏன் நிறுத்தின?"

"பைத்தியமா உனக்கு? அப்புறம் இன்னிக்குச் சோத்த யாரு பொங்குறது?" என்றாள்.

நான் சிரித்துவிட்டேன். நம்பவில்லை.

என் வீட்டைப் பற்றியும் எழுத வேண்டும். எங்களுக்குப் பிள்ளை இல்லை. நான் முதலில் துணி வெளுக்கும் பட்டறையில் இருந்தேன். மருந்துத் தண்ணீரில் நின்று கை இரண்டும் அரிக்கும். ஒற்றை அறை வீடு. ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர். ஒரு நாள் சாயங்காலம் வந்து, சாப்பிட்டு, சுவரைப் பார்த்துப் படுத்தேன். என் மனைவி என் சட்டையின் நைந்த காலரைப் பிரித்துத் திருப்பித் தைத்துக்கொண்டிருந்தாள். மாடி வீட்டுக்காரியைப் பற்றிச் சொன்னாள், குழாயில் தண்ணீர் நின்றுபோனதைச் சொன்னாள், அவளே சிரித்தாள். பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "ஏதாவது சொல்லுங்களேன்" என்றாள். நான் எதுவும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் கோட்டை மாட்டிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனாள். போகும்போது "வர்றேன்" என்றாள். அந்தச் சொல்லை நம்பி ஒரு வருடம் இரண்டு தட்டு கழுவிவைத்தேன்.

கடையில் முதலில் கிடைத்தது ஒரு பேருந்து ஓட்டுநரின் கோட்டும் சூட்டும். கொடுத்துவிட்டு மனிதர் தூக்கத்திலேயே போய்விட்டார். அதில் என் கை எதுவும் இல்லை. கேட்டு வர ஆள் இல்லை. மதியம் கடை சாத்தியிருந்தபோது விளையாட்டாக அதை எடுத்து இரும்புப் பெண்ணின் மேல் போர்த்தினேன்.

அடுத்த கணம் நான் என் வீட்டில், அந்தப் பழைய சாயங்காலத்தில் படுத்திருந்தேன். முதுகுக்குப் பின்னால் என் மனைவி ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். நூல் நுனியை வாயில் வைத்து ஈரப்படுத்துகிற சத்தம்கூடக் கேட்டது. கோத்து முடிப்பதற்குள் நான் கொதிகலன் முன்னால் நின்றிருந்தேன். துணி நூலாகப் பிரிந்து தரையில் கிடந்தது. ஓட்டுநர் அந்த சூட்டை ஒன்றிரண்டு விசேஷத்துக்குத்தான் போட்டிருப்பார் போல.

துணியை நானே பிரித்தேன் என்கிறீர்கள். என் நகக்கண்ணிலிருந்து நூல் எடுத்துக் காட்டினீர்கள். தேய்க்கிறவன் நகத்தில் வேறென்ன ஐயா இருக்கும்?

அதற்குப் பிறகு நான் எல்லாத் துணியையும் ஆசையோடு பார்க்க ஆரம்பித்தேன். ஆனால் ஜனங்கள் வந்துவிடுகிறார்கள். மழையில் வருகிறார்கள், காய்ச்சலோடு வருகிறார்கள், சீட்டைத் தொலைத்துவிட்டு வந்து சண்டை போட்டாவது வாங்கிப்போகிறார்கள். ஒரு சிலர் தாமதமாக வருவார்கள். அவர்களுடைய துணியை வைத்துப் பார்த்தேன், இழையாள் தொடவில்லை. என் சொந்தச் சட்டையை வைத்தேன். அதையும் தொடவில்லை. நான்தான் தினமும் வந்துகொண்டிருந்தேனே.

பூட்டுக்காரர் ஒரு ஸ்வெட்டர் கொடுத்திருந்தார். முழங்கை இரண்டும் மெலிந்து வெளிச்சம் தெரியும். அவ்வளவு உழைத்த ஸ்வெட்டர். தயாராகிவிட்டது என்று சொல்ல அவர் வீட்டுக்குப் போனேன். மூன்றாம் மாடியில் தனியாக இருந்தார். பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார்.

"உக்காரு தம்பி, டீ போடறேன்."

"நேரமில்லைங்க."

"நேரமா? எங்கிட்ட எக்கச்சக்கமா கிடக்கு. வேணுங்கிறத எடுத்துட்டுப் போ."

அவரே சொன்னார் ஐயா. நானாக ஒன்றும் கேட்கவில்லை. சரி, கூடவே வந்து ஸ்வெட்டரை வாங்கிக்கொள்கிறேன் என்று கிளம்பினார். அந்த மாடிப்படி செங்குத்து. அவர் முன்னால் இறங்கினார், நான் பின்னால் இறங்கினேன். ஸ்வெட்டரைக் கேட்டு யாரும் வரவில்லை.

ஸ்வெட்டரைப் போர்த்தினேன், அது மாடி வீட்டுக்காரி கதை வரைக்கும் கொண்டுபோனது. குழாய்க் கதை ஆரம்பித்தபோது அறுந்துவிட்டது.

தட்டச்சு டீச்சர் தன் போர்வையைக் கொடுத்திருந்தார். சின்ன வயதிலிருந்து அவர் போர்த்திய போர்வை. ஒவ்வொரு இரவும் உழைத்த துணிக்கு ஈடு ஏது? டீச்சரும் தனியாள். தலையணை என்று நீங்கள் எழுதிவைத்திருப்பதைப் படித்தேன். சரியாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். டீச்சர் என்னை ஒருமுறைகூட மரியாதைக் குறைவாகப் பேசியதில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

போர்வை மாடி வீட்டுக்காரியைத் தாண்டியது, குழாயைத் தாண்டியது, என் மனைவி சிரித்ததைத் தாண்டியது. அவள் பேசாமல் இருந்த நேரத்தையும் முழுதாகக் கொடுத்தது. பிறகு அவள் மூச்சை இழுத்து வாய் திறந்தாள். நான் கொதிகலன் முன்னால் நின்றிருந்தேன்.

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். அவள் கேட்பாள், நான் பதில் சொல்வேன், காலையில் அவள் போக மாட்டாள். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. இன்னும் கொஞ்சம் நேரம் போதும்.

அடுத்த வாரம் அவளே கடைக்கு வந்தாள்.

தலை நரைத்திருந்தது. கண்ணாடி போட்டிருந்தாள். கோட்டை மேசையில் வைத்துவிட்டுத்தான் நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்களா? இங்கயா இருக்கீங்க?"

"ம்" என்றேன்.

"அடக் கடவுளே, இன்னும் அதே 'ம்' தானா?" என்று சிரித்தாள். "வெள்ளாவி வச்சு எல்லாத்தையும் வெளுத்தீங்க, அந்த 'ம்'ம மட்டும் வெளுக்கலயா?"

தங்கை மகளோடு இருக்க வெளியூர் போவதாகச் சொன்னாள். குளிர் பிரதேசம், அதனால்தான் பழைய கோட்டைத் தூசு தட்டி எடுத்திருக்கிறாள். போனால் திரும்பி வருகிற எண்ணம் இல்லை. "சாப்பிடறீங்களா ஒழுங்கா? ஏன் இப்படி வத்திப்போயிருக்கீங்க?" என்றாள். பர்ஸை மறந்துவிட்டதால் வாங்க வரும்போது பணம் தருவதாகச் சொன்னாள். வாசல் வரைக்கும் போய்த் திரும்பி, "வர்றேன்" என்றாள்.

அது அதே கோட்டு. உள்துணி மட்டும் புதிதாக மாற்றியிருந்தாள். என்னோடு இருந்த வருடங்களும், என்னை விட்டுப்போன வருடங்களும் அந்த ஒரு துணியில் இருந்தன. நான் அதை நல்லபடியாகச் சலவை செய்தேன். தளர்ந்திருந்த பட்டன் ஒன்றை இறுக்கித் தைத்தேன். வேலையில் குறை வைத்ததாக யாரும் சொல்லக் கூடாது.

அரைநாள் விடுமுறை அன்று மதியம் வந்தாள். கடையில் நான் மட்டும் இருந்தேன். பர்ஸைத் திறந்தாள்.

"பணத்தை அப்புறம் பாத்துக்கலாம்" என்றேன்.

"பரவால்லையே, ஒரு முழு வாக்கியம் பேசிட்டீங்க" என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "எனக்கு சாயங்காலம்தான் வண்டி. சாத்திட்டு வாங்களேன், எங்கயாவது ஒரு டீ குடிக்கலாம். கோவமெல்லாம் எப்பவோ போச்சு. சும்மா கொஞ்ச நேரம் பேசிட்டிருக்கலாம்" என்றாள்.

கோட்டு உள்ளே உலர்கிறது, வந்து பார்த்து எடுத்துக்கொள் என்றேன். பின்னாலேயே வந்தாள். உலர்த்தும் அறைக்குள் போய், "எங்க காணோமே?" என்றாள். கோட்டு என் கையில் இருந்தது. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். நீராவிக் குழாயைத் திறந்தேன்.

முதலில் விளையாட்டு என்று நினைத்தாள் போல, சிரித்துக்கொண்டேதான் தட்டினாள். பிறகு சிரிக்காமல் தட்டினாள். என்னங்க, என்னங்க என்று கூப்பிட்டாள். நான் கதவுக்கு இந்தப் பக்கம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். அவளைத் தனியாக விட்டுப்போகவில்லை. கடைசியில் குரல் இறங்கிப்போய், கதவுக்குக் கீழிருந்து, "ஏதாவது சொல்லுங்களேன்" என்றாள்.

அதற்கு நான் பதில் சொல்லியிருக்கலாமே என்று நேற்று கேட்டீர்கள். கேட்டுவிட்டு எழுந்து வெளியே போய்விட்டீர்கள். அந்தப் பதிலை நான் வேறு இடத்துக்காக வைத்திருந்தேன் ஐயா. அவள் கேட்ட அந்தச் சாயங்காலத்துக்காக. உள்ளே இருந்தவள் நரைத்தவள், வெளியூர் போகிறவள். என் வீட்டில் காலர் தைத்துக்கொண்டிருந்தவள் வேறு.

சத்தம் நின்ற பிறகும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு கோட்டைப் போர்த்தினேன்.

இழையாள் ஏமாற்றவில்லை. அந்தச் சாயங்காலத்தை முழுதாகக் கொடுத்தாள். நூல் கோத்தது, மாடி வீட்டுக்காரி, குழாய், சிரிப்பு, எல்லாம் வந்தது. பிறகு அவள் மூச்சை இழுத்து, "ஏதாவது சொல்லுங்களேன்" என்றாள். நேரம் அறுபடவில்லை. ஊசி நின்று காத்துக்கொண்டிருந்தது. நான் திரும்பிப் படுக்கலாம், எழுந்து உட்காரலாம், யாரும் என்னைப் பிடித்துவைக்கவில்லை. சொல்ல வேண்டியதெல்லாம் தயாராக இருந்தது. எத்தனையோ மதியங்கள் தேய்த்துக்கொண்டே அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் பட்டறையிலிருந்து வந்த உடம்பு. கை அரித்தது. கண்ணைச் சொருகியது. காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

"ம்" என்றேன்.

விடியும்வரை நேரம் இருந்தது. காலையில் அவள் கோட்டை மாட்டிக்கொண்டு, "வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். கொதிகலன் முன்னால் நூல் குவிந்து கிடந்தது. அதைப் பெருக்கி அள்ளிவிட்டுத்தான் உங்களிடம் வந்தேன்.

அந்த நூற்றுப் பன்னிரண்டு அவள் பர்ஸிலேயே எண்ணி மடித்து வைத்திருந்தது என்று சொன்னீர்கள். எனக்கு அது வேண்டாம். அவள் தங்கை மகளிடம் கொடுத்துவிடுங்கள். பாக்கியைத் தள்ளுபடி செய்துவிட்டதாக முதலாளியிடமும் சொல்லுங்கள், என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளட்டும். கட்டிய பெண்டாட்டியிடம் போய்க் கணக்குப் பார்க்கிற ஆள் நான் இல்லை.