நின்ற இடத்தில் இருநூறு மணி நேரம்

— அப்ப இந்த இருநூறு மணி நேரம் டாங்கி எங்கதான் போச்சு?

— எங்கயும் போகல மேடம்.

— அதத்தான் நானும் கேக்கறேன். நாப்பது நாள் சோதனை. தினமும் காலைல பத்து மணியிலேருந்து மூணு மணி வரைக்கும் என்ஜின் ஓடியிருக்கு, போன தூரம் பூஜ்யம் கிலோமீட்டர்னு லாக் புக்ல எழுதியிருக்கு. டிரைவர் நீங்கதான? கையெழுத்து உங்களுதுதான?

— என்னுதுதான் மேடம். அதாவது என்னன்னா, பொய் எழுதக் கூடாதுன்னு எங்க வீட்ல சொல்லி வளத்துட்டாங்க. வண்டி நகரலைன்னா நகரலைன்னுதான் எழுதுவேன்.

— நகராத வண்டிக்கு என்ஜின் எதுக்கு ஓடுச்சு?

— சூடு பண்றதுக்கு மேடம்.

— அஞ்சு மணி நேரமா?

— மழைக்காலம் பாருங்க. ஊதக்காத்து வேற. பாவம், அதுக்கும் குளிரும்ல.

— டிரைவர், இது டர்பைன் என்ஜின். ஆகாய விமானத்துல இருக்கே, அந்த இனம். பட்டனை அமுக்குனா ஒரு நிமிஷத்துல தயார். எந்தக் குளிர்லயும் சூடு பண்ணவே வேண்டாம். அதுக்கு இருக்கற பெருமையே அதுதான்.

— அண்ணே, நீங்க சொல்லுங்களேன். மெக்கானிக்கு நீங்க, கல்லுப் பிள்ளையார் மாதிரி நிக்கறீங்க.

— நான் எதுவும் சொல்லல, தம்பி.

— சொல்லுங்க மெக்கானிக். என்ஜின் எதுக்கு ஓடுச்சு?

— பேட்டரிக்கு சார்ஜ் ஏத்தினோம் மேடம். அவ்வளவுதான். வேற நான் எதுவும் சொல்லல.

— ஒருத்தர் சூடுங்கறீங்க, ஒருத்தர் பேட்டரிங்கறீங்க.

— சூடான பேட்டரி மேடம்.

— நீங்க சும்மா இருங்க, டிரைவர். இங்க பாருங்க ரெண்டு பேரும். இப்ப மணி பதினொண்ணு. நாலு மணிக்குக் கமிட்டி உக்காருது. ரெண்டு டாங்கி, ஒரே உடம்பு, ஒரே எடை. ஒண்ணுல டீசல் என்ஜின், இதுல டர்பைன். எது ஜெயிக்குதோ அதத்தான் இனிமே எல்லா டாங்கியிலயும் வைப்பாங்க. தோத்தத மூட்டை கட்டிடுவாங்க. இந்த நிமிஷம் வரைக்கும் டீசல்தான் முன்னாடி நிக்குது. ஏன்னா டர்பைன் அதவிட ரெண்டு மடங்குக்கு மேல எரிபொருள் குடிச்சிருக்குன்னு உங்க லாக் புக்கு சொல்லுது.

— டீசலா? மேடம், அந்தப் பேச்சே வேண்டாம். அது வந்துட்டா ரிட்டயர் ஆகற வரைக்கும் நான் அதுலதான உக்காரணும். போன வருஷம் ஒரு வாரம் ஓட்டினேன். இன்னும் மறக்கல.

— அப்படி என்ன கோளாறு அதுல?

— என்ன கோளாறுன்னு கேளுங்க. இல்ல, என்ன கோளாறு இல்லன்னு கேளுங்க, சீக்கிரம் முடிஞ்சிடும்.

— இருங்க, நோட்டை எடுத்துக்கறேன். ம், சொல்லுங்க.

— எழுதுங்க மேடம், நல்லா எழுதுங்க. காலைல கிளப்பினா முதல்ல இருமும். நாப்பது வருஷம் சுருட்டுக் குடிச்ச ஆளு மாதிரி இருமும். அப்புறம் கரும்புகை. ஒளிஞ்சு நிக்கத்தான் பச்சை பெயிண்ட் அடிச்சு, தழை எல்லாம் சொருகி வச்சிருக்கோம். ஆக்சிலேட்டரை ஒரு மிதி மிதிச்சா போதும், நாங்க எங்க இருக்கோம்னு அடுத்த ஊர்க்காரனுக்கே தெரிஞ்சிடும்.

— புகை எப்பவுமே வருதா, இல்ல திடீர்னு வேகம் எடுக்கும்போது மட்டுமா?

— எடுக்கும்போது மட்டும்தான். ஆனா எடுக்காம எப்படி மேடம் போறது? அப்புறம் அந்த நடுக்கம் இருக்கே, அய்யோ. பல்லு ஆடும். நெசமாத்தான் சொல்றேன், கடவாப்பல்லு ரெண்டும் தனியா ஆடும்.

— எந்த வேகத்துல?

— இருபத்தஞ்சு கிலோமீட்டர்ல ஆரம்பிக்கும். முப்பத்தஞ்சு தாண்டினா அடங்கிடும்.

— இருபத்தஞ்சுலேருந்து முப்பத்தஞ்சு. இத ஏன் ஒருத்தரும் ரிப்போர்ட்ல எழுதல?

— யாரு கேட்டா மேடம்? உங்கள மாதிரி பக்கத்துல வந்து நின்னு யாரு கேட்டா? அத உண்டாக்குன மகராசன் ஒரே ஒரு நாள் அதுல உக்காந்து வந்திருந்தான்னா, அன்னிக்கே வேலைய விட்டுட்டு வேற தொழில் பாக்கப் போயிருப்பான்.

— அப்படியா.

— தம்பி, கொஞ்சம் வாயக் கட்டு.

— என்னண்ணே, உள்ளதத்தான சொல்றேன்.

— நான் எதுவும் சொல்லல. ஆனா டீசலைப் பத்தி அப்படி ஒரேயடியாப் பேசக் கூடாது. ஆரம்பத்துல பெட்ரோல் என்ஜின்தான் வச்சாங்க மேடம். ஒரு குண்டு பட்டா டாங்கி பூராவும் தீப்பெட்டிதான். அப்புறம் அதோட சக்தி பத்தலன்னு விமான என்ஜினைக் கழட்டி வச்சுப் பாத்தாங்க. ஒரு சமயம் என்ஜினுக்குத் தட்டுப்பாடு வந்து, அஞ்சு காரோட என்ஜினை ஒண்ணாச் சேத்துக் கட்டி ஒரே டாங்கியில இறக்கினாங்களாம். முப்பது சிலிண்டர். ஒண்ணு படுத்தாலும் மத்த நாலும் முனகிக்கிட்டே இழுத்துட்டுப் போகும், கூட்டுக் குடும்பம் மாதிரி. டீசல் வந்த பிறகுதான் உள்ள உக்காந்தவன் கொஞ்சம் நிம்மதியா மூச்சு விட்டான். சட்டுனு தீப்பிடிக்காது, கொஞ்சமாக் குடிக்கும், சேத்துலயும் புழுதியிலயும் கிடக்கும். இந்த டர்பைன் அப்படியா? காத்தை முழுங்கிட்டே இருக்கும். புழுதியில போனா ஃபில்டரைக் கழட்டிக் கழட்டித் தட்டணும். என் முதுகு போச்சு.

— எதுவும் சொல்லலன்னு சொல்லிட்டு இவ்வளவு சொல்லிட்டீங்களே அண்ணே.

— அவ்வளவுதான் தம்பி. இனிமே சொல்லல. மேடம், உங்க கையில என்ன, கரியா இருக்கு?

— வர்ற வழியில ஒரு வண்டியத் தொட்டேன். அத விடுங்க. இங்க பின்னாடி வாங்க ரெண்டு பேரும். புகை வெளிய வர்ற இந்தக் கிரில்ல ஒண்ணு சிக்கியிருக்கே, இது என்ன?

— அது ஏர் ஃபில்டர் மேடம்.

— ஏர் ஃபில்டருக்குக் குதிகால் எதுக்கு, டிரைவர்?

— அது புது மாடல்.

— காத்து உள்ள போற வழியிலதான ஃபில்டர் இருக்கும். இது வெளிய வர்ற வழி. இது காலுறை. இடது கால். பெருவிரல் பக்கம் ஓட்டை. அப்புறம் அந்தச் சுவத்துலேருந்து இந்தச் சுவத்துக்கு ரெண்டு வரிசையாக் கம்பி கட்டியிருக்கீங்க. கம்பி நெடுக கிளிப்பு. நான் வர்றப்ப என்ஜின் ஓடிட்டிருந்துச்சு, என்னப் பாத்ததும் நிறுத்தினீங்க. அந்தத் தார்ப்பாயைத் தூக்குங்க.

— மேடம், அது வேண்டாம் மேடம்.

— தூக்குங்க மெக்கானிக்.

— தூக்கிட்டேன் மேடம். நான் எதுவும் சொல்லல.

— எத்தன சட்டை இது?

— அறுபத்தி நாலு. பேண்ட்டு தனி.

— ஒரு நாடு அடுத்த முப்பது வருஷத்துக்கு எந்த என்ஜினை வைக்கலாம்னு முடிவு பண்ணப் போகுது, நீங்க அதுல துணி காயப் போட்டிருக்கீங்க.

— மேடம், நான் சொல்றதக் கேட்டுட்டு அப்புறம் திட்டுங்க. இந்த நாப்பது நாள்ல முப்பத்தாறு நாள் மழை. ஒரு துணி காயல. ஈரக் காலுறையோட பூட்ஸை மாட்டினா சாயங்காலம் கால் வெந்த மாதிரி ஆயிடுது. விரல் இடுக்கெல்லாம் புண்ணு. நான் முதல் நாள் காலைல என் காலுறை ஒரு ஜோடி மட்டும்தான் மாட்டினேன். பத்தே நிமிஷம், மொறுமொறுன்னு ஆயிடுச்சு. அதப் போட்டுக்கிட்டப்ப கண்ணுல தண்ணியே வந்துடுச்சு மேடம். நாலு பேருக்குச் சொன்னேன். அந்த நாலு பேரும் நாப்பது பேருக்குச் சொல்லிட்டாங்க. திங்கள் செவ்வாய் எங்க பிரிவு, புதன் சமையல்கட்டு, வியாழன் ஆஸ்பத்திரித் துணி, வெள்ளி ஆபீசருங்க.

— ஆபீசருங்களுமா?

— கமிட்டித் தலைவர் கெஸ்ட் ஹவுஸ்ல தங்கியிருக்காருல்ல, அவரு போர்வைகூட இங்கதான் வருது. இவ்வளவு நல்லா எப்படித் துவைக்கறாங்கன்னு கேட்டாராம்.

— துணி கருகாதா?

— முதல்ல கருகுச்சு. சமையல்காரரு பனியன் ஒண்ணு சாம்பலாப் போச்சு. அப்புறம் அண்ணன்தான் கணக்குப் போட்டுக் கம்பி கட்டினாரு. சொல்லுங்கண்ணே.

— பருத்திக்கு எட்டடி மேடம். கம்பளிக்குப் பன்னெண்டடி. காலுறைக்கு அஞ்சடி, ஆனா திருப்பிப் போடணும்.

— அளந்தா பாத்தீங்க?

— அளக்காம எப்படி மேடம்? நாம சோதனைப் பிரிவாச்சே.

— ஏன், எதுத்த ஷெட்ல டீசல் டாங்கியும் புகை விடுதே. அதுக்குப் பின்னாடி காயப் போட வேண்டியதுதான?

— போட்டுப் பாத்தோமே. வெள்ளைச் சட்டை போட்டோம், கறுப்புச் சட்டையா வந்துச்சு.

— நின்னுக்கிட்டே ஓடினாலும் டர்பைன் மணிக்கு நாப்பது லிட்டர் குடிக்கும். இருநூறு மணிக்கு எட்டாயிரம் லிட்டர். அதக் கழிச்சுட்டுப் பாத்தா டீசலுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசமே இல்ல. டீசல் கொஞ்சமாத்தான் முன்னாடி நிக்கும். இது உங்களுக்குப் புரியுதா? நீங்க ரசிச்சு ரசிச்சு ஓட்டற இந்த என்ஜினோட கழுத்தைக் காலுறையால நெரிச்சிருக்கீங்க.

— அப்படிச் சொல்லாதீங்க மேடம். மனசு கேக்கல. இது எவ்வளவு நல்ல வண்டி தெரியுமா? பக்கத்துல வந்து நின்னாக்கூட வந்தது தெரியாது. மிதிச்சா ஓடற நாய்க்குட்டி மாதிரி துள்ளும். என்னால இது தோக்கக் கூடாது. இப்ப என்ன பண்ணலாம், சொல்லுங்க. கால்ல வேணா விழறேன்.

— கால்லல்லாம் விழ வேண்டாம். நடந்தத அப்படியே ஒரு கடிதமா எழுதி, ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க. நான் எடுத்துட்டுப் போய்க் கமிட்டியில கொடுக்கறேன்.

— அப்புறம் எங்கள ஸ்டோர்ல தூக்கிப் போட்டுடுவாங்க. காலம் பூரா நட்டும் போல்ட்டும் எண்ணிக்கிட்டு.

— தலைவரோட போர்வையே இங்க காஞ்சிருக்கு, அவரு எந்த வாயால உங்களத் தண்டிப்பாரு? கடிதத்துல போர்வையையும் எழுதுங்க. எத்தன போர்வைன்னு எண்ணி எழுதுங்க.

— மேடம், நீங்க சாதாரண ஆளில்ல.

— ஆறு வருஷம் ஒரு என்ஜினோட குடும்பம் நடத்தியிருக்கேன், டிரைவர். என் புருஷனைவிட அதோட இருமல்தான் எனக்கு நல்லாத் தெரியும். யாரோ துணி காயப் போட்டதால தோத்தாலும் அவமானம், ஜெயிச்சாலும் அவமானம். எனக்கு அது தாங்காது. அதுக்குத்தான் இந்த மழையில வந்தேன்.

— தம்பி, கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை. மேடத்துக்கிட்ட நீ ஒண்ணு கேக்கவே இல்ல.

— சும்மா இருங்கண்ணே. நல்லது நடக்கறப்ப நடுவுல வந்து நிக்காதீங்க. பேனாவைக் கொடுங்க மேடம். இந்தாங்க, போட்டாச்சு. அண்ணே, போடுங்க.

— போட்டேன். நான் எதுவும் சொல்லல.

— நல்லது. இது போனா சோதனை திங்கட்கிழமை முதல்லேருந்து ஆரம்பிக்கும், இன்னொரு நாப்பது நாள். டிரைவரும் மெக்கானிக்கும் யாரு யாருன்னு என்ஜின்காரங்களே கேட்டு வாங்கிக்கலாம். உங்க ரெண்டு பேரையும் நான் கேட்டு வாங்கிக்கறேன்.

— உங்க என்ஜின்லயேவா?

— என் என்ஜின்லயேதான். இன்னிக்குச் சொன்ன மாதிரி ஒளிவு மறைவில்லாமச் சொல்ற டிரைவர் எனக்கு வேற எங்க கிடைப்பாரு?

— என்ன புண்ணியம் பண்ணினேனோ. துணி ஒண்ணுகூட மாட்ட மாட்டேன் மேடம், கர்ச்சீப்கூட மாட்ட மாட்டேன்.

— மாட்டணும்னு நினைச்சாலும் மாட்ட முடியாது.

— மழை பலமா இருக்கு. டர்பைன்லயே உங்கள ஆபீஸ் வரைக்கும் கொண்டுவந்து விட்டுடவா? அலுங்காமக் கொண்டுபோறேன்.

— வேண்டாம். என் வண்டி எதுத்த ஷெட்ல நிக்குது.

— எதுத்த ஷெட்லயா? அங்க டீசல் டாங்கி மட்டும்தான மேடம் நிக்குது.

— அதுதான், டிரைவர். திங்கட்கிழமை காலைல நேரத்துக்கு வந்துடுங்க. அத உண்டாக்குன மகராசன் நான்தான், இருபத்தஞ்சு கிலோமீட்டர்ல உங்க பக்கத்துலயே உக்காந்து வர்றேன், யாரு பல்லு முதல்ல ஆடுதுன்னு பாத்துடலாம்.