பினாலி கொண்டுவந்த மண்

— நத்தையோட பூர்வீகத்தை விசாரிக்க ஒருத்திக்கு அரசாங்கம் சம்பளம் குடுக்குதாம்! நல்ல கூத்து. உக்காரு ராவ்ஷான், டீ குடி. இந்த வருஷம் ஒரு முட்டைகோஸ் தப்பிக்கல, எல்லாம் அதுங்க வயித்துலதான்.

— அதுக்குத்தான் வந்தேன், பினாலி தாத்தா. நம்ம தல்கார் ஊருல இந்த வரிபோட்ட நத்தை ரெண்டே இடத்துலதான் மண்டிக் கெடக்கு. ஒண்ணு, உங்க திராட்சைக் கொடி இருக்கற இந்தத் தோட்டம். இன்னொண்ணு, உங்க துருக்கியர் கபர்ஸ்தான். அங்கயும் எல்லா கபுர்லயும் இல்ல. பதினொண்ணுல மட்டும்.

— எண்ணிட்டியா?

— என் வேலையே அதானே. இது காக்கசஸ் மலைப் பக்கத்து நத்தை. அதுவா ஊர்ந்து வர முடியாது, நடுவுல கடல் இருக்கு. உள்ள படுத்திருக்கற உங்க வீட்டுக்காரி செஃபுரே பாட்டிகிட்ட கேட்டேன். போர் சமயத்துல உங்க சனத்தையெல்லாம் அரசாங்கம் ரயில்ல அள்ளிப் போட்டு இங்க கொண்டாந்துச்சே, அந்தப் பழைய ஊருக்கு எழுபத்தாறாம் வருஷம் நீங்க ஒருத்தர்தான் போனீங்களாம். ஒரு திராட்சைச் செடியும் ஒரு சின்ன மூட்டை ஊர் மண்ணும் கொண்டுவந்தீங்களாம். அதைக் கொடியடியில தொட்டியில வச்சு, அந்த ஊர்ல பொறந்தவங்க யாரு மௌத்தானாலும் கபுர் மேல ஒரு பிடி தூவுவாங்களாம்.

— கிழவிக்கு வாய் சும்மா இருக்காது.

— எவ்வளவு பெருமையா சொன்னாங்க தெரியுமா? கடைசிப் பிடியைத் தனக்குன்னு துணியில முடிஞ்சு தலகாணிக்கு அடியில வச்சிருக்காங்க. காட்டினாங்க.

— காட்டினாளா... டாக்டர் சொன்னதையும் சொன்னாளா?

— சொன்னாங்க. ரமலான் வரைக்கும் தாங்காதுன்னு.

— டீ ஆறுது, குடி.

— தாத்தா, போன கோடையில நான் உங்க ஊருக்கே போனேன். அங்க நத்தை பொறுக்கி மரபணு பார்த்தேன். ஒத்துப்போகல.

— நத்தைன்னா நத்தைதானே! அதுல என்ன உன் ஊரு, என் ஊரு?

— இருக்கு. ஒரே ஜாதி நத்தைதான், ஆனா ஊருக்கு ஊர் வம்சம் வேற. உங்க கொடியில இருக்கறது பத்துமிக் கடற்கரை வம்சம். பதினோரு கபுர்லயும் அதேதான். உங்க ஊரு மலைக்கு அந்தப் பக்கம்ல இருக்கு?

— கதவைச் சாத்தும்மா. அவ காதுல விழுந்துடப் போகுது.

— சாத்திட்டேன்.

— அது ஊர் மண் இல்ல. பத்துமி ரயிலடிப் பக்கம் ஒரு தோட்டத்துல வெட்டினது. செடியும் அங்கதான் புடுங்கினேன். நம்ம ஊரு எல்லையோரம். சாவடியில சிப்பாய்ங்க மறிச்சுத் திருப்பி அனுப்பிட்டாங்க.

— அதை வந்து சொல்லியிருக்கலாமே?

— சொல்லத்தான் நினைச்சேன். ரயிலை விட்டு எறங்கறேன், மொத்தத் தெருவும் வந்து நிக்குது. கேக்கக்கூட இல்ல, மூட்டையைப் பிடுங்கி முத்தம் குடுக்குதுங்க. என் மாமனார் அதுல மூஞ்சியைப் பொதைச்சுட்டு அழறாரு. எப்படிம்மா வாயைத் தொறக்கறது?

— அய்யோ, தாத்தா.

— முதல் கபுர் அவருதுதான். பதினோரு பேருக்கும் என்னைத்தான் தூவச் சொன்னாங்க. ஊரைப் பார்த்துட்டு வந்த கைன்னு. ஒவ்வொரு தடவையும் தூவிட்டு வீட்டுக்கு வந்து கையைத் தேச்சுத் தேச்சுக் கழுவுவேன்.

— அழாதீங்க. இங்க பாருங்க, உங்க ஊர் மண்ணு என் ஆய்வுக்கூடத்துல இருக்கு. நத்தைங்களோட எடுத்துட்டு வந்தது. நாளைக்கே கொண்டு வர்றேன். பாட்டிகிட்ட நான் பக்குவமா சொல்றேன். துப்பாக்கியோட சிப்பாய் மறிச்சா நீங்க என்ன செய்வீங்க? பாவம், நீங்களும்தானே அடிபட்டிருக்கீங்க. ஒருத்தரும் உங்களைக் குத்தம் சொல்ல மாட்டாங்க.

— பாவம் பாக்காதே ராவ்ஷான். வேணாம். அதை என்னால தாங்க முடியல.

— உள்ளதைத்தானே சொல்றேன்? சிப்பாய்ங்க...

— எந்தச் சிப்பாயும் மறிக்கல, மகளே. செஃபுரே ஒன்றரை வருஷம் ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சு, ஊருக்குள்ள போக வாங்கிக் குடுத்த அஞ்சு நாள் அனுமதிச் சீட்டு என் சட்டைப் பையிலதான் இருந்துச்சு. நான் பொறந்ததுலேருந்து கடலையே பார்த்ததில்ல, அந்த அஞ்சு நாளும் பத்துமியில குளிச்சுக்கிட்டுக் கெடந்தேன்.