மூக்கில்லாத கனெக்டர்

— முதல்ல அந்தப் பின்னைப் பல்லுலேருந்து எடுங்க அத்தான். பார்க்கவே குமட்டுது.

— சும்மா கிடந்த பின்னுதானேம்மா. தங்க முலாம் வேற. நீ கையெழுத்தைப் போடு, நான் எடுத்துடுறேன்.

— நாளைக்கு ஒரு சர்க்யூட் போர்டுக்குள்ள போகவேண்டிய கனெக்டர் பின் அது. அதுல பல்லைக் குத்திட்டு மறுபடியும் டப்பாவுல போட்டுடுவீங்க. உங்களை எனக்குத் தெரியாதா?

— சரி, எடுத்தாச்சு. இப்போ போடு. சிம்பிள் மேட்டர். கனெக்டர் டிசைன் சரியா இருக்குன்னு டிசைனர் ஒத்துக்கிட்டாங்க, அவ்வளவுதான்.

— அதுக்கு மேல என்ன எழுதியிருக்கீங்கன்னு படிக்கிறேன், கேளுங்க. 'மாதிரி போர்டு எரிந்ததற்குக் காரணம், பெண் தொழிலாளி ஒருவர் கவனக்குறைவாகக் கனெக்டரைத் திருப்பிச் சொருகியதே.' ச்சீ!

— இதுல என்ன பொய்? திருப்பித்தானே சொருகினா? கஸ்டமர் கண்ணு முன்னாடியே குபுகுபுன்னு புகைஞ்சுது. நீ லீவுல இருந்தே. மானம் போய் நின்னவன் நான்.

— நான் வரைஞ்ச கனெக்டரைத் திருப்பிச் சொருகவே முடியாது. ஒரு பக்கம் மூக்கு வெச்சிருக்கேன். தப்பாப் பிடிச்சா மூக்கு இடிக்கும், உள்ள போகாது. கண்ணை மூடிக்கிட்டுச் சொருகினாலும் சரியாத்தான் போகும். இதோ, கருகிப்போனது மேஜை மேலேயே கிடக்கு. இதுல மூக்கு எங்கே? மொழுக்குன்னு இருக்கு.

— கம்ப்யூட்டர் எடுத்திருக்கும். வேலை செய்யாத பிளாஸ்டிக்கை எல்லாம் அதுவே சுரண்டிடும்னு நீதானே சொன்னே?

— சொன்னேன். எவ்வளவு கரண்ட் போகணும், எவ்வளவு சூடு தாங்கணும், எவ்வளவு இழுப்பு தாங்கணும்னு கொடுத்துட்டா, எங்கெங்க வீண் சதை இருக்கோ அங்கெல்லாம் சீவிக்கிட்டே போகும். மூக்கு கரண்ட் கடத்தாது, இழுப்பும் தாங்காது. கம்ப்யூட்டர் கணக்குல அது தண்டச்சோறு. மனுஷங்க கை தப்பு பண்ணும்னு அதுக்கு என்ன தெரியும்? அதனாலதான் மூக்கை மட்டும் தொடாதேன்னு பூட்டு போட்டுட்டு லீவுல போனேன்.

— பூட்டு தானாக் கழண்டிருக்கும்.

— தானாக் கழல அது என்ன பாத்ரூம் தாழ்ப்பாளா? ஒருத்தர் போய்த் திறந்தாத்தான் திறக்கும். யார் திறந்தா?

— இந்த ரூம்ல ஃபேன் ஏன் இவ்வளவு மெதுவா ஓடுது?

— அத்தான், என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லுங்க.

— சரிம்மா, நான்தான். இப்போ என்ன? எடை பத்து சதவீதம் குறைஞ்சே ஆகணும்னு கஸ்டமர் ஒத்தைக் கால்ல நின்னான். உன் டிசைன் எட்டுக்கு மேல இறங்க மாட்டேன்னு அடம் பிடிச்சுது. மூக்கை விட்டுட்டா பத்து வந்துடுது. ஒரே ஒரு கிளிக். சிம்பிள்.

— என் மெஷின்ல, என் பாஸ்வேர்டை வெச்சு. சொந்த அத்தானாச்சேன்னு நம்பிக் கொடுத்தேன். வேலியே பயிரை மேய்ஞ்சுட்டுது.

— குடும்பத்துக்குள்ள வேலி என்ன, பயிர் என்ன? உனக்கும்தானே பேரு. பத்து சதவீதம் குறைச்ச டிசைனர்னு மேல எல்லாரும் உன்னைத்தான் பேசுறாங்க.

— த்தூ! அந்தப் பேரை நீங்களே வெச்சுக்கோங்க. இது எதுக்குள்ள போகுதுன்னு நினைவு இருக்கா? பாத்ரூம் ஹீட்டருக்குள்ள. ரிப்பேர் பார்க்கிறவன் அவசரத்துல திருப்பி மாட்டிட்டுப் போனா, அதுக்கு அடியில ஈர உடம்போட ஒரு மனுஷன் நிப்பான். இன்னிக்கு நான் கையெழுத்துப் போட்டா நாளைக்கு பிளாஸ்டிக் வார்க்கிற அச்சை வெட்டிடுவாங்க. அப்புறம் லட்சக்கணக்குல இந்த மொட்டைதான் ஊருக்கெல்லாம் போகும்.

— 'கவனமாக மாட்டவும்'னு பெட்டி மேல ஒரு ஸ்டிக்கர் ஒட்டிடலாம்மா.

— ஸ்டிக்கரா? உங்களோட ஒரே ரூம்ல உட்கார்ந்திருக்கிறதே எனக்கு அருவருப்பா இருக்கு.

— பேசு, நல்லாப் பேசு. நீ போடலைன்னா என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. உங்க அக்கா நடுத்தெருவுல நிப்பா. அது பரவாயில்லையா உனக்கு?

— அக்காவைக் காட்டி என்னை மடக்காதீங்க. நீங்க பழியைத் தூக்கிப் போட்டீங்களே, அந்தப் பொண்ணுக்கு என்ன ஆச்சு?

— விரல்ல லேசாச் சுட்டுது. கொஞ்ச நாள் வீட்டுல இருன்னு அனுப்பிட்டேன். நல்ல பொண்ணு. ஆமா, நான்தான் திருப்பிச் சொருகினேன்னு உடனே ஒத்துக்கிட்டா.

— மிரட்டினீங்களா?

— நானா? எறும்பைக்கூட மிதிக்காதவன்மா நான்.

— யாரு அவ? நேர்ல போய்ப் பார்க்கிறேன்.

— புதுசு. உனக்குத் தெரியாது.

— அக்காவுக்குத் தெரியுமே. அதே அசெம்பிளி லைன்லதானே அவளும் நிக்கிறா. இப்பவே கேக்கிறேன்.

— அவளை எதுக்கு இதுல இழுக்கிறே? போனை வை. அம்மாடி, வைன்னா வை!

— ஏன் உங்களுக்கு இப்படி வேர்க்குது? ரிங் போகுது, பேசாம இருங்க. ஹலோ, அக்கா? ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன், அத்தானும் இங்கதான் இருக்காரு. அன்னிக்குப் போர்டு எரிஞ்சுதே, கனெக்டரைச் சொருகின பொண்ணு யாருக்கா?

— ஏன், உங்க அத்தான் சொல்லலியா? நான்தான்டி குட்டி.

— நீயா?

— ரெண்டு விரல்ல கட்டு. உன்கிட்ட மட்டும் மூச்சு விடாதேன்னு சொல்லிட்டுப் போனாரு, புண்ணியவான்.

— கட்டின பொண்டாட்டி தலையிலேயா அத்தான்? ச்சீ, நீங்கல்லாம் ஒரு மனுஷனா?

— அவளே ஒத்துக்கிட்டாம்மா. சத்தியமா நான் ஒரு வார்த்தை அதட்டல. வேணும்னா அவளையே கேளு.

— அக்கா, கவனக்குறைவுன்னு எழுதி என்கிட்ட கையெழுத்துக்கு நீட்டுறாரு. இதுக்கெல்லாமா தலையாட்டினே?

— கவனக்குறைவா? நல்லா இருக்கே! புது டப்பாவைப் பிரிச்ச அன்னிக்கே, இது ரெண்டு பக்கமும் போகுதுங்கன்னு அவர்கிட்ட சொன்னேன். கஸ்டமர் பார்த்துட்டு ஓகே சொல்ற வரைக்கும் வாயை மூடிக்கிட்டு இருன்னாரு. மூடிக்கிட்டேன்.

— அவ்வளவு தெரிஞ்சும், அவசரத்துல எப்படிக்கா திருப்பிச் சொருகினே?

— அவசரமா? வாயைத்தான் மூடச் சொன்னாரு. கஸ்டமர் எதிர்ல வந்து உட்கார்ற வரைக்கும் காத்திருந்து, நல்லாப் பார்த்துத்தான்டி திருப்பிச் சொருகினேன்.