உடையப்பன் அண்ணனோடு பேசிய கம்ப்யூட்டர்

எனக்குச் சீனி குறைத்த கோப்பிதான் பிடிக்கும். உடையப்பன் அண்ணனுக்கும் அப்படியே. எங்களுக்குள் பகை இருந்தது என்று யாரும் சொல்ல முடியாது.

1984இல் மலேசியாவின் ஈப்போவில் மத்தியாஸின் டயர் கடைக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அதை இயக்கியது நாங்கள் இருவர்தான். அண்ணன் அதைத் தட்டிக்கொடுத்து, "அர்ச்சுனா, இது என் பேச்ச மட்டுந்தான் கேக்கும்லா" என்பார். கேட்டால் போதுமா, பேச வேண்டாமா என்று எனக்குத் தோன்றியது. ஸ்டாக் புரோகிராமுக்குள் சில வரிகளை ஒளித்துவைத்தேன். அவர் தன் பெயரைத் தட்டினால் மட்டும் ஆங்கில எழுத்தில் ஒரு தமிழ் வரி வந்து மறையும்: "சாப்டாச்சா அண்ணே?"

அவர் யாரிடமும் சொல்லவில்லை. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "ஆச்சு" என்றார். டயர் அடுக்குக்குப் பின்னால் நின்று சிரித்தேன்.

அந்த மாசியில் பக்கத்து ஊரான கோப்பெங்கில் அவருடைய அம்மா காளியம்மா இறந்துபோனார். துக்கத்தில் இருப்பவருக்கு ஆறுதல் வேண்டும் அல்லவா? அம்மா பேசுவதுபோல் எழுதினேன். "எண்ணெ தேச்சுக் குளிச்சியாடா?" அவர் திரையைத் தொட்டு அழுதார். மறுநாள் கீபோர்டு பக்கத்தில் ஒரு கிண்ணம் பாயசம் வைத்துவிட்டுப் போனார். வீணாக்கக் கூடாதென்று நான் குடித்தேன். திரும்பிவந்தவர் வெறும் கிண்ணத்தைக் கும்பிட்டார்.

அதன்பின் தினமும் புதிதாக எழுதினேன். பழையவற்றை அழிக்கவும் மனம் வரவில்லை, நன்றாக வந்திருந்தன. ஒருநாள் மெமரி போதாமல் புரோகிராம் நின்றது.

"எது இவ்ளோ இடத்த அடைக்குதுன்னு பாருலா" என்றார் மத்தியாஸ்.

ஒவ்வொரு பகுதியாக நீக்கி, எவ்வளவு இடம் காலியாகிறது என்று கம்ப்யூட்டரிடமே கேட்டேன். டயர் வகைகள் கொஞ்சம். வாடிக்கையாளர் விலாசம் இன்னும் கொஞ்சம். எல்லாவற்றையும்விட அதிக இடம் பிடித்திருந்தது காளியம்மாதான். அவரை அழித்தேன். ஸ்டாக் ஓடியது. முதலாளி பாராட்டினார்.

மறுநாள் காலை அண்ணன் தன் பெயரைத் தட்டினார். மறுபடி தட்டினார். பிறகு ஸ்க்ரூடிரைவர் கொண்டுவந்து பெட்டியைப் பிரித்தார். "எங்கம்மா போயிட்ட?" என்று கம்பிகளுக்குள் தேடினார். மத்தியாஸ் அவரைத் தஞ்சோங் ரம்புத்தான் மனநோய் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். கார் கதவைத் திறந்துவிட்டது நான்தான்.

ஞாயிறுதோறும் போய்ப் பார்க்கிறேன். "அம்மா என்னயக் கேட்டுச்சா?" என்பார்.

"அது வெறும் மிஷின் அண்ணே, பேசாது" என்பேன்.

என்னைப் பற்றி நீங்கள் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நோயாளியிடம் பொய் சொல்லக் கூடாது என்பதில் நான் கண்டிப்பானவன்.