மச்சான் கையில் கயிறு, என் கையில் அம்மி

அலைகடல் தாண்டி வந்தும் அலைபேசியைத் தாண்டாத இந்த அவையின் நடுவே வீற்றிருந்து, நான் எப்போது முடிப்பேன் என்று இப்போதே கடிகாரம் பார்க்கத் தொடங்கிவிட்ட தலைவர் பாலேந்திரா அவர்களே! வாயைத் திறந்தால் வரலாறும், மூடினால் குறட்டையும் வழங்கும் பெரியோர்களே! பிள்ளைகளைப் பெற்று, வளர்த்து, பட்டம் வாங்க வைத்து, இன்றைக்கும் அவர்கள் ஜாக்கெட் போட்டுக்கொண்டு போனார்களா என்று கவலைப்படும் தாய்மார்களே! பின்னால் பொரியும் ரோல்ஸின் வாசத்தை என் பேச்சைவிட ஆழமாக உள்வாங்கும் அன்பர்களே! லண்டன் தமிழர் கடலோடி அன்பர் மன்றத்தின் உறுப்பினர்களே, உங்களில் நீந்தத் தெரிந்த இருவரே, தெரியாத ஏனையோரே! அனைவருக்கும் என் உப்புக் கலந்த வணக்கம்.

நான் மேடையேறியதும் என் இடுப்பைப் பார்த்துச் சிலர் கைதட்டினீர்கள். பொன்னாடை என்று நினைத்திருப்பீர்கள். இது பொன்னாடை அல்ல, கயிறு. இதன் மறுமுனை, அதோ, திரைக்குப் பின்னால் நிற்கும் என் மச்சான் நவரத்தினத்தின் கையில் இருக்கிறது. சென்ற ஆண்டு நேரம் முடிந்ததும் மணி அடித்தார்கள். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு மேலும் பேசினேன். ஆகவே தலைவர் இம்முறை மணியை நம்பவில்லை. நேரம் முடிந்தால் மச்சான் இழுப்பான். ஏன் கயிறு? ஏன் மச்சான்? ஆண்டுதோறும் நள்ளிரவு வரை நடக்கும் நமது விழா இம்முறை ஏன் ஏழு மணியோடு முடிகிறது? இந்த மூன்று கேள்விக்கும் ஒரே விடை, எனக்குத் தரப்பட்ட தலைப்பில் இருக்கிறது: கிரேக்கக் கடற்பஞ்சுக் குளிப்பு!

என்ன கணேசலிங்கம் அண்ணை? ஓம், சாப்பாடு இருக்கு. பேச்சுக்குப் பிறகுதான். இருங்கோ.

இங்கே லண்டன் டூட்டிங்கில் மனோலிஸ் என்றொரு கிரேக்கன் மீன் பொரித்து விற்கிறான். வெள்ளிக்கிழமைகளில் வீட்டில் என் மனைவி சமைப்பது மரக்கறி. ஆகவே வெள்ளிக்கிழமைகளில் எனக்கு மனோலிஸோடு நட்பு. (சிவனேஸ்வரி, நீர் இதைக் கேட்கவில்லை.) கலிம்னோஸ் என்ற தீவில் பிறந்தவன். அந்தத் தீவிலே மலை உண்டு, மண் இல்லை. பசி உண்டு, பயிர் இல்லை. விதைக்க வயல் இல்லை, குதிக்கக் கடல் உண்டு. என்ன செய்தார்கள் அந்த மக்கள்? குதித்தார்கள்! தட்டையான கல்லொன்றை இரு கையாலும் முகத்துக்கு முன்னே நீட்டிப் பிடித்து, தலைகீழாகக் குதித்தார்கள்! கல்லை வலப்பக்கம் சாய்த்தால் வலப்பக்கம் போவார்கள், இடப்பக்கம் சாய்த்தால் இடப்பக்கம் போவார்கள். நான் கார் ஓட்டப் பழக்கும் பிள்ளைகள் ஒரு முழு ஸ்டியரிங்கை வைத்துக்கொண்டு செய்ய முடியாததை, அவர்கள் ஒரு கல்லை வைத்துக்கொண்டு செய்தார்கள்!

எதற்காக? நாம் முதுகு தேய்க்கும் பஞ்சுக்காக! அது பாறையைப் பிடித்துக்கொண்டு கடலடியில் வாழும் ஓர் உயிர். மேலே வரும்போது கறுப்பாய், வழுவழுப்பாய், மூக்கைப் பிடிக்க வைக்கும் நாற்றத்தோடு வரும். அதைப் படகிலே போட்டு மிதிமிதியென்று மிதித்துக் கழுவிய பிறகுதான் பொன்னிறப் பஞ்சாகும். உயிர்த்த ஞாயிறு, அதுதான் ஈஸ்டர், கழிந்ததும் படகுகள் புறப்படும். திரும்பி வருவார்களோ தெரியாது என்பதால், ஊரே ஆடிப் பாடித்தான் அவர்களை அனுப்பும்.

இதையெல்லாம் மனோலிஸ் மீனைப் புரட்டிக்கொண்டே சொன்னான். கேட்டுவிட்டுப் பேசாமல் வந்திருக்கலாம். வந்தேனா? வாயிருக்கிறதே! "இதென்ன பெரிய காரியம்? எங்கள் ஆட்கள் மன்னாரில் முத்துக் குளித்தவர்கள். கடல் எங்கள் இரத்தத்தில் ஓடுகிறது" என்றேன். என் இரத்தத்தில் ஓடுவது சர்க்கரை என்பது எனக்கும் என் டாக்டருக்கும் தெரியும். மனோலிஸுக்குத் தெரியாது.

அந்த வாரம்தான் வந்தது வினை. டிசம்பரில் அவர்களுக்கு மாலுமிகளின் காவலர் புனித நிக்கலஸின் திருநாள். அதே சனிக்கிழமை நமக்கு ஆண்டு விழா. இரண்டும் இதே மண்டபத்தில், அதே மாலையில்! மண்டபக்காரர் இரு தரப்புக்கும் "ஓகே" சொல்லிவிட்டு, "நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்று கையை விரித்துவிட்டார். நம் குழுவும் விடவில்லை, அவர்கள் குழுவும் விடவில்லை. வேறு மண்டபம் தேடினால் பங்குனி வரை இல்லை. இரு குழுவும் அவன் கடையில் கூடிப் பேசியபோது மனோலிஸ் என்னைப் பார்த்துக் கரண்டியை நீட்டினான்.

"உன் இரத்தத்தில்தானே கடல் ஓடுகிறது? நீச்சல் குளத்தின் அடியில் ஒரு பஞ்சு கிடக்கும். நீ ஒரு கல்லோடு வா, நான் ஒரு கல்லோடு வருகிறேன். எடுத்தவருக்கு மண்டபம்."

சுற்றிவர நம் குழுவினர் நின்றார்கள். தலைவர் பாலேந்திரா என் முதுகைத் தட்டி, "இவர் இருக்கிறார், பயமில்லை" என்றார். தலைவரே, அந்தத் தட்டல் இன்னும் வலிக்கிறது!

சரி, கல்லுக்கு எங்கே போவது? லண்டனில் எல்லாம் கிடைக்கும், நல்ல கல் கிடைக்காது. மனோலிஸிடம் அவன் குடும்பக் கல் இருக்கிறது. நம் குடும்பக் கல் எது? தட்டையாய், நீளமாய், பாரமாய், தலைமுறை கண்ட கல் எது? சொல்லுங்கள் தாய்மார்களே! ஆம்! அம்மி!

"என்னது, அம்மியோ? உங்களுக்கு விசர் கிசர் பிடிச்சிட்டுதோ?" என்றாள் சிவனேஸ்வரி.

"கல்லுத்தானேயப்பா."

"கல்லோ? எயார்போர்ட்டில அவங்கள் மறிக்க மறிக்க, பிள்ளையைப் போலத் தூக்கிக்கொண்டு வந்தனான். இஞ்சாருங்கோ, வடிவாக் கேளுங்கோ. நீங்கள் மேல வர நேரம் செண்டாலும் பரவாயில்லை. அம்மி உடையாமல் வரவேணும்."

இல்லறம் என்பது இதுதான், அன்பர்களே!

கல் கிடைத்தது. கயிறு பிடிக்க ஆள்? மன்னார்க் கடலிலே முத்துக் குளித்தவன் தன் உயிர்க்கயிற்றை யாரிடம் கொடுத்தான் என்று சொல்வார்கள்? அண்ணனிடமா? அவனுக்குக் காணியில் பங்கு கூடிவிடும்! நண்பனிடமா? அவன் சுருட்டுப் பற்ற வைக்கப் போய்விடுவான்! மனைவியின் உடன்பிறந்தானிடம் கொடுத்தான்! ஏன்? தன்னோடு பிறந்தவள் தாலியோடு வாழ வேண்டும் என்று தவிப்பவன், தரணியிலே அவன் ஒருவனே! முறை அதுதான். முறை மாறினால் மன்றத்தின் மானம் என்னாவது?

ஆனால் எனக்கும் நவரத்தினத்துக்கும் இரண்டு தேர்த்திருவிழாவாகப் பேச்சில்லை. கோயில் தேர் இழுத்தோம். நான் முன்னே, அவன் பின்னே. போன் வந்ததென்று அவன் வடத்தை விட்டான். நான் நிலை தடுமாறிப் போய், யாரோ உடைத்த தேங்காய்க் குவியலில் அமர்ந்தேன். எப்படி அமர்ந்தேன் என்று விளக்க இது இடமல்ல. அன்று முதல் போகுமிடமெல்லாம் அவனுக்கு நான் வைத்த பட்டம், "கயிறு விட்டவன்". மூன்று கலியாண வீட்டில் சொன்னேன், ஒரு செத்த வீட்டிலும் சொன்னேன்.

அவனிடமே போய் நின்றேன், தோர்ண்டன் ஹீத்தில் அவன் வீட்டு வாசலில். கதவு அரைவாசி திறந்தது.

"ஆர்?"

"நான்தான், உன்ர அத்தான்."

"ஓகோ. கயிறு விட்டவன்ர வீட்டில உங்களுக்கென்ன வேலை?"

"ஒரு கயிறு பிடிக்க ஆள் வேணும்."

கதவு முழுவதும் திறந்தது. "லண்டன் முழுக்கச் சனம். என்னட்டையோ வந்தனீங்கள்?"

"சனம் இருக்குதுதான். ஆனா அக்காவின்ர தம்பி நீ ஒராள்தானே, மச்சான்."

அவன் கதவுக்குப் பின்னால் தொங்கிய காலண்டரைக் கழற்றினான். பிறகு, "எத்தினை மணிக்கு வாறது?" என்றான்.

ஞாயிறு காலை. கவுன்சில் நீச்சல் குளம். காவலுக்கு நம் மன்னார்த் தம்பி கொட்வின். ஆழப்பக்கத்தின் அடியில் இறப்பர் மெத்தை விரித்து, அதன்மேல் பாரம் கட்டிய பஞ்சைப் போட்டிருந்தான். "அண்ணை, டைல் ஒண்டு வெடிச்சாலும் என்ர வேலை போச்சு. மெத்தையில போடுங்கோ" என்றான். என் உயிரைப் பற்றி அவன் ஒன்றும் கேட்கவில்லை.

அந்தக் கரையில் மனோலிஸ், கையில் கல், கயிற்றைப் பிடித்தபடி அவன் மனைவி இரினி. அவர்கள் முறைப்படி கீழிருந்து சைகை வராமல் இழுக்கக் கூடாது. இந்தக் கரையில் நான். என் நீச்சல் உடையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேச மாட்டேன். "உந்த வயித்துக்குக் கல்லும் வேணுமோ?" என்று அன்று ஒரு குரல் கேட்டது. கணேசலிங்கம் அண்ணை, அது நீங்கள்தான் என்று எனக்குத் தெரியும். அம்மிக்கு ஒரு கயிறு, எனக்கு ஒரு கயிறு. இரண்டும் மச்சான் கையில்.

கொட்வின் விசில் ஊதினான். கல்லை அணைத்தேன், கண்ணை மூடினேன், கனகதுர்க்கையைக் கூப்பிட்டேன், குதித்தேன்!

தண்ணீர் என் காதை மூடியது. அவ்வளவுதான். அடியைக் காணவில்லை, பஞ்சைக் காணவில்லை, என் காலையே நான் காணவில்லை. அதற்குள் வெடுக்கென்று ஓர் இழுப்பு! அம்மி ஒரு பக்கம், அத்தான் ஒரு பக்கம்! அம்மியின் கயிற்றையும் மச்சான் கைவிட்டுவிட்டான். இரண்டு கையாலும் என்னைத்தான் இழுத்தான். சூரை மீனைப் போல் நான் கரையில் துள்ளிக்கொண்டு கிடந்தேன்.

"ஏன்ரா இழுத்தனீ? நான் இன்னும் போகவேயில்லை!"

"தலை தாண்டிட்டுது அத்தான். அது காணாதோ?"

மண்டபம் போச்சு என்று தலைவர் தலையில் கைவைத்தார். அப்போதுதான் ஒருவர் பின் ஒருவராகக் கவனித்தோம். மனோலிஸ் மேலே வரவில்லை. இரினியின் கையில் கயிறு அசையவில்லை. சபையோரே, அவ்வளவு ஆட்கள் நின்ற அந்த இடத்தில், தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. அந்தத் தீவில் எத்தனை பெண்கள் அசையாத கயிற்றைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார்கள் என்று, மீன் தின்னும்போது தோன்றாதது எனக்கு அப்போது தோன்றியது. கொட்வின் சட்டையைக் கழற்றினான்.

கயிறு துடித்தது! இரினி இழுத்தாள். மனோலிஸ் வந்தான். கண் இரண்டும் கொவ்வைப்பழம். கையில் பஞ்சு இல்லை. நெஞ்சோடு அணைத்திருந்தான் எங்கள் அம்மியை!

"எங்கே அவன்? எங்கே அவன்?" என்று கத்தினான். பிறகு துவாயைப் போர்த்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்தான். "நீ இங்கேயா நிற்கிறாய்? கீழே உன் கல் தனியே வந்தது! தண்ணீரெல்லாம் உன் இரத்தம்! குளம் முழுக்கத் தடவித் தேடினேன்!"

சிவனேஸ்வரி அம்மியை வாங்கித் தடவிப் பார்த்தாள். "அது இரத்தமில்லை தம்பி. காலமை அரைச்ச மிளகாய்ச் சம்பல்" என்றாள், ஆங்கிலத்தில் பாதி, கையால் பாதி.

"பஞ்சு உன் பக்கத்தில்தானே கிடந்தது, எடுத்திருக்கலாமே?" என்று கேட்டேன்.

மனோலிஸ் கண்ணைக் கசக்கிக்கொண்டு சொன்னான்: "கையில் எடுத்துவிட்டேன். பிறகு போட்டுவிட்டேன். ஆளைக் காணவில்லை என்றால் பஞ்சை விடு. எங்கள் படகில் இதற்கு மேலே சட்டம் கிடையாது."

கொட்வின் வலைக்கம்பால் பஞ்சைத் தூக்கினான். "ரெண்டு பேரும் தோத்திட்டியள்" என்று தீர்ப்பளித்தான். ஆகவே, அன்பர்களே, பாதி மாலை நமக்கு, பாதி மாலை அவர்களுக்கு! அதனால்தான் ஏழு மணி! அதோ மேசையில், குத்துவிளக்குக்குப் பக்கத்தில் இருக்கிறதே, அது யாரும் கொண்டுவந்த கேக் அல்ல. அந்தப் பஞ்சு. தயவுசெய்து வெட்ட வேண்டாம்.

வரும் வழியில் காருக்குள் மச்சானைக் கேட்டேன். "உண்மையைச் சொல்லு. ஏன் அவ்வளவு அவசரம்?"

யன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "தேரில ஒருக்கா விட்டன். அதை நீங்கள் ஊர் முழுக்கச் சொல்லிப்போட்டியள். இண்டைக்கு விட்டனெண்டால், சொல்லுறதுக்கு நீங்களும் இருக்கமாட்டியள்."

நான் வாயடைத்துப் போனேன். ஆம், நான்! முன் சீட்டிலிருந்த சிவனேஸ்வரி பின்னால் திரும்பி, எனக்குக் காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

அவையோரே! கல்லைக் கட்டிக்கொண்டு இந்த மாநகரத்தின் ஆழத்தில் குதித்தவர்கள் அல்லவா நாம்? குளிரிலே குதித்தோம், கும்மிருட்டிலே குதித்தோம், கொச்சை ஆங்கிலத்தோடு குதித்தோம்! மேலே நமக்குக் கயிறு பிடித்தது யார்? விமான நிலையத்துக்கு மேலங்கியோடு வந்து நின்றாரே, அவர் பிடித்தார்! தன் ஷிப்டைப் பாதியாக்கி நமக்கு முதல் வேலை தந்தாரே, அவர் பிடித்தார்! ஒரு சின்ன அறையிலே தன் பாயைத் தள்ளிப் போட்டு "படு" என்றாரே, அவர் பிடித்தார்! எடுத்தவனுக்குக் கைதட்ட உலகம் உண்டு. பிடித்தவனுக்குக் கைதட்ட யார் உண்டு? முத்தெடுத்தவன் மேடையில் நிற்கிறான். கயிறு பிடித்தவன் திரைக்குப் பின்னால் நிற்கிறான்! இன்றோடு அந்தப் பழைய பட்டத்தை நான் பறிக்கிறேன். இந்த மேடையிலே, இந்த மன்றத்திலே, மனோலிஸும் இரினியும் மத்தளமும் யாழுமாக வாசலில் காத்திருக்கும் இந்த வேளையிலே, புதுப் பட்டம் சூட்டுகிறேன். கயிறு விடாதவன், நவரத்தினம்! எழுந்து தட்டுங்கள்!

ஆ! இழுக்கிறான்! கைதட்டல் கேட்டால் அவனுக்குக் கூச்சம். தலைவரே, நேரம் இன்னும் இருக்கிறது, சொல்லுங்கள் அவனிடம்! கொட்வின் தம்பிக்கு நன்றி! அம்மி தந்த அம்மணிக்கு நன்றி! மனோலிஸ், உள்ளே வா, மண்டபம் உன்னுடையது! நீ ஆடு, நாங்கள் ரோல்ஸோடு பார்க்கிறோம்! மச்சான், மெல்ல! வேட்டியும் சேர்ந்து வருகுது! அன்பர்களே, கால் தரையில் இருக்கும்போதே சொல்லிவிடுகிறேன், வணக்...