துலுக்கானம் எழுதிய நாடகம்

— இந்தக் காலத்து ஜனங்க இன்னா ஜனங்களோ போ! காயிதத்துல இன்னா அச்சடிச்சாலும் நம்பிடுதுங்க. காலைலேர்ந்து பூந்தமல்லிக் கடைத்தெருவுல அத்தினி பேரும், ‘இன்னா துலுக்கானம், நாடகம் எழுதினியாமே’ன்றான். கைநாட்டு நானு, எழுதினேனாம்!

— கோவிச்சுக்காதீங்க அண்ணாத்தே. ‘துருக்கர் எழுதியது’ன்னுதான் நோட்டீசுக்கு எழுதிக் கொடுத்தேன். அச்சுக் கோக்கிறவன் அது உங்க பேருன்னு நெனச்சி மாத்திட்டான்.

— நல்லா பாத்தே லோகநாதா, இஸ்கூல் வாத்தியாரு வேலை! யாரு அந்தத் துருக்கிக்காரன்?

— ஜெவாத்னு பேரு. இங்கிலீஷ் புஸ்தகத்துலேர்ந்து நான் தமிழ்ல எழுதினேன். மேடையில நீங்க சொல்றீங்களே, ‘சுல்தானே, இறங்கு கீழே’ன்னு, அது அவர் வசனம். அதுக்குத்தான் அவரைத் தீவுச் சிறையில போட்டாங்க. ‘நான் எழுதலே’ன்னு சொல்லிட்டா விடுறோம்னாங்க. அவர் சொல்லலே. ஏழு வருஷம்.

— ஒரு வார்த்தைக்கு ஏழு வருசமா? புள்ளைங்க இருந்திச்சா?

— மூணு பெண்ணு.

— த்தூ! அதுங்களைப் பட்டினி போட்டுட்டு வசனத்தைக் கட்டிப் புடிச்சிகினு உக்காந்தானா? வெளிய வந்தாவது உருப்பட்டானா?

— இன்னொரு நாடகம் எழுதினார். மறுபடியும் உள்ளே போனார்.

— மூளை கெட்டவன். இவனைப் போயி நம்ம ஊருக்கு இட்டாந்தே பாரு, உன்னைச் சொல்லணும்.

— யாருய்யா இங்க துலுக்கானம்?

— வாங்க கோதண்டம் ஏட்டையா. இவர்தான். இன்னா விஷயம்?

— சண்டை நடக்கிற நேரத்துல ‘இறங்கு கீழே’ன்னு நாடகமா வாத்தியாரே? நம்ம வெள்ளைக்காரச் சக்கரவர்த்தியத்தான் சொல்றீங்கன்னு இன்ஸ்பெக்டர் குதிக்கிறாரு. எழுதினவனை இழுத்தாரச் சொன்னாரு. ஏம்பா பெரியவரே, உன்னைப் பாத்தா எழுதுற ஆளாத் தெரியலியே. ‘நான் எழுதலே’ன்னு கைநாட்டு வச்சிட்டு ஊட்டுக்குப் போ. வாத்தியாரைத்தான் இட்டுகினு போவணும் போல. இஸ்கூல் வேலை அம்போதான்.

— ஆமா ஏட்டையா, அதை எழுதினது நா—

— நீ சும்மா கெட வாத்தியாரே! யோவ் ஏட்டு, கூத்துல வாயாலயே வசனம் கட்டுறவன் நானு. அதுக்கு எழுத்து வேற தெரியணுமா? நான்தான் கட்டினேன். நட, போலாம். லோகநாதா, நீ ஆயிரம் சொல்லு, அந்தத் துருக்கிக்காரன் சுத்த மடையன்தான்!