ராஜப்பாவின் டோக்கன் நம்பர்

பெயர்: மமதா. வயது: 36. கணவர் பெயர்: கோவிந்தன். தொழில்: நெட் சென்டரில் டைப்பிங் வேலை. முகவரி: ஆண்டர்சன்பேட்டை, கே.ஜி.எஃப். எனக்குக் கன்னடம் தெரியும் என்றாலும் தமிழில் சொல்ல குற்றவியல் நடுவர் அவர்களிடம் அனுமதி கேட்டேன். நான் சொல்லச் சொல்ல இது எழுதப்பட்டது. என்னை யாரும் மிரட்டவோ ஆசை காட்டவோ இல்லை.

நான் ராபர்ட்சன்பேட்டையில் மனோகர் அண்ணன் நடத்தும் நெட் சென்டரில் ஒன்பது வருடமாக வேலை செய்கிறேன். புகார் கொடுத்த ஜெசிந்தா எங்கள் வீட்டிலிருந்து நான்கு வீடு தள்ளி இருக்கிறாள். அவள் அப்பா ராஜப்பாவும் என் அப்பாவும் தங்கச் சுரங்கத்தில் ஒரே ஷாஃப்டில் ஒரே ஷிஃப்ட் பார்த்தவர்கள். நாங்கள் இருவரும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்ச். பத்தாம் வகுப்பில் நான் அவளைவிட நாற்பத்தொரு மார்க் அதிகம். இது வழக்குக்குத் தேவையா என்று கேட்கப்பட்டது. தேவை என்று நான் சொன்னதால் எழுதப்பட்டது. அதன் பிறகு எனக்குப் பதினெட்டு வயதில் கல்யாணம் ஆனது, அவள் மேலே படித்து பி.எட். முடித்தாள்.

என் மகளுக்கு வயது பதினொன்று. அவள் பெயரை இதில் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இரண்டு வருடமாக ஜெசிந்தாவிடம் டியூஷன் போகிறாள். போன வருடத்திலிருந்து ஜெசிந்தா மாதிரியே தலை வாரிக்கொள்கிறாள், அவள் மாதிரியே பேனாவைப் பிடிக்கிறாள். ஒரு நாள் கணக்குப் பாடத்தில் நான் ஏதோ சொல்லிக்கொடுக்கப் போக, "உனக்கு இன்னாமா தெரியும், மிஸ் அப்டி சொல்லல" என்றாள். நான் சொன்னது சரியான விடைதான். அன்றிலிருந்து ஜெசிந்தா தெருவில் சிரிக்கும் சத்தம் கேட்டாலே எனக்கு வயிறு எரியும்.

ஜெசிந்தாவுக்கு அரசுப் பள்ளி ஆசிரியை வேலை கிடைத்தது. எந்த ஊர் வேண்டும் என்று ஐந்து ஊர்களை ஆன்லைனில் வரிசைப்படுத்த வேண்டும். கடந்த மாதம் 14ஆம் தேதி மாலை ஐந்து மணி கடைசி நேரம். அன்று மதியம் மூன்று மணிக்கு அவள் எங்கள் கடைக்கு வந்தாள். அவள் அப்பாவுக்கு நுரையீரல் கெட்டுப்போய் மூச்சு வாங்குகிறது, பக்கத்தில் வேறு ஆள் இல்லை. அதனால் தினம் போய் வரக்கூடிய பூதிகோட்டையை முதலில் போட்டாள். மாநிலத்தின் வடகோடியில் இருக்கும் பீதரைக் கடைசியில் போட்டாள்.

தன் கணக்குக்குள் நுழைவதற்கு முன் அவள் கீபோர்டைத் தள்ளி வைத்தாள். கடை கம்ப்யூட்டரில் பாஸ்வேர்டைத் தட்டச்சு செய்யக் கூடாது, அடிப்பதையெல்லாம் அது திருடி வைத்துக்கொள்ளும் என்று பெங்களூரில் இருக்கும் அவள் தம்பி கிரிஷ் சொல்லி அனுப்பியிருந்தானாம். திரையிலேயே எழுத்துகளை வரவழைத்து, துப்பட்டாவால் மறைத்துக்கொண்டு, மவுஸால் ஒவ்வொன்றாக அழுத்தினாள். கோபித்துக்கொள்ளாதே என்று என்னிடம் சொன்னாள். நான் தலையைத் திருப்பிக்கொண்டேன். ஆனாலும் கடைசியில் துப்பட்டா விலகியபோது திரையில் பதினொரு புள்ளிகள் இருந்ததைப் பார்த்தேன்.

எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு அப்பாவின் டோக்கன் நம்பர்தான் பாஸ்வேர்ட். சுரங்கத்தில் இறங்கும்முன் வாங்கிக்கொள்ளும் பித்தளை டோக்கனின் நம்பர் அது. ஷாஃப்ட் மூடி இருபது வருடத்துக்கு மேல் ஆகியும் யாருக்கும் மறக்கவில்லை. ராஜப்பா மாமாவின் நம்பர் 4172. அவர் டிபன் கேரியர் மூடியில் சிவப்பு பெயிண்டில் எழுதியிருக்கும், அதை நானும் எத்தனையோ நாள் தூக்கிப் போயிருக்கிறேன். அவர் பெயர் ஆங்கிலத்தில் ஏழு எழுத்து, நம்பர் நான்கு, ஆகப் பதினொன்று. இதற்குத்தானா இவ்வளவு மூடி மறைத்தாள் என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

அதன் பிறகு அவள் வரிசையைச் சேமித்து, பிரிண்ட் எடுத்துக்கொண்டு, கணக்கை மூடினாள். போன் சார்ஜ் இல்லை என்று என் மேஜையில் சொருகிவிட்டு, எதிர் மெடிக்கலில் அப்பாவுக்கு மருந்து வாங்கப் போனாள். மனோகர் அண்ணன் சாப்பிடப் போயிருந்தார். நான் மறுபடி அந்தப் பக்கத்தைத் திறந்து, அதில் அப்படியே நின்ற அவள் பதிவு எண்ணுக்குக் கீழே அந்தப் பதினொரு எழுத்தையும் அடித்தேன். முதல் தடவையிலேயே எடுத்துக்கொண்டது. ஓடிபி அவள் போனுக்கு வந்தது. போன் பூட்டியிருந்தாலும் மேலே ஆறு எண்ணும் தெரிந்தது. அதைப் போட்டு, பீதரை முதலிடத்துக்கு ஏற்றி, இனி மாற்ற முடியாதபடி இறுதிப் பொத்தானை அழுத்தினேன். உறுதி செய்து வந்த மெசேஜை அவள் போன் திரையிலிருந்து விரலால் தள்ளி மறைத்துவிட்டேன். அவள் மருந்தோடு எனக்கு ஒரு தேங்காய் பன்னும் வாங்கி வந்தாள். அதைச் சாப்பிட்டேன்.

இந்த மாதம் 3ஆம் தேதி பீதர் என்று உத்தரவு வந்தது. ஜெசிந்தா அழுதுகொண்டே என்னிடம்தான் வந்தாள். கடை கம்ப்யூட்டர் திருடிவிட்டது என்று புகார் எழுத வேண்டும் என்றாள். அந்தப் புகாரை டைப் செய்ததும் நான்தான், அதில் சாட்சியாக என் பெயரைப் போட்டதும் அவள்தான். அதன் பிறகு காவலர்கள் கம்ப்யூட்டரை எடுத்துப்போய், மனோகர் அண்ணனை இரண்டு நாள் உட்கார வைத்து விசாரித்தார்கள். அவர் ஒரு குற்றமும் செய்யவில்லை.

நேற்றுக் காலை ஜெசிந்தா வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். உள்ளே ராஜப்பா மாமா இருமிக்கொண்டிருந்தார். அவள் என்னை அடிக்கவில்லை. "மெஷின நம்பாதன்னு கிரிஷ் சொன்னான். உன்ன நம்பாதன்னு யாரும் சொல்லலியேடி" என்றாள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவள் பீதரில் சேர வேண்டிய கடைசி நாளுக்கு இன்னும் ஆறு நாள் இருக்கிறது. அதற்குள் இதன் நகலைக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்பி, பூதிகோட்டையைத் திரும்பக் கொடுக்கச் சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன். கொடுத்தால் அவள் தினம் சாயங்காலம் வீடு திரும்புவாள், என் மகள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவளிடம்தான் ஓடுவாள். தெரிந்துதான் கேட்கிறேன். நான் திருந்திவிட்டேன் என்று இதில் எழுத வேண்டாம். இதைச் சொல்லும் இந்த நேரத்திலும் எனக்கு அவள்மேல் பொறாமைதான்.

மேலே கண்டதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, சொன்னது அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) கோ. மமதா